குடும்ப ஆதரவுப் பணி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களை என்னோடு வீடுகளுக்கு அழைத்துப் போவதும் இப்போது என் பொறுப்பு. ஒரு வீட்டிலிருந்து படியிறங்கி வரும்போது அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எதை யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் அலுவலக விதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்ப ஆதரவுப் பணியாளர்னா என்ன வேலை? சோஷியல் வொர்க்கரும் நீங்களும் ஒண்ணுதானே?

இரண்டும் பக்கத்துப் பக்கத்து வேலைகள். சோஷியல் வொர்க்கருக்குப் பல நாடுகளில் சட்டம் கொடுத்த அதிகாரம் இருக்கிறது. புகார் வந்தால் விசாரிப்பார், தேவைப்பட்டால் நீதிமன்றம் வரை போவார். நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவரும் குடும்பமும் சேர்ந்து போட்ட திட்டம் வீட்டுக்குள் நடப்பதற்குக் கூட இருந்து உதவுகிறவர்கள் நாம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது, வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது, கிளினிக்குக்குத் துணைக்குப் போவது, ராத்திரி தூங்க வைக்கும் நேரத்துச் சண்டையைக் குறைப்பது, இப்படி அன்றாட விஷயங்கள்தான்.

வீட்டுக்கே போய் உதவுவது புதிதில்லை. 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸில், உதவ வந்தவர்கள் ஏழைக் குடும்பங்களின் நடுவிலேயே குடியிருந்தார்கள். 1974இல் அமெரிக்காவின் டகோமா நகரில் ஹோம்பில்டர்ஸ் என்ற திட்டம் வந்தது. பிள்ளையைப் பிரிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்ட வீடுகளுக்காகவே அது. ஒரு பணியாளருக்கு ஒரே சமயத்தில் இரண்டு குடும்பங்கள்தான், சில வாரங்கள்தான், ஆனால் எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 18ஆவது பிரிவு, பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்கு உரிய உதவி செய்வது அரசின் கடமை என்கிறது. என்னைப் பொறுத்தவரை நம் வேலையின் அஸ்திவாரம் அந்த வரிதான்.

இதுக்கு என்ன படிச்சிருக்கணும்? எனக்குக் குழந்தை இல்லை, பரவாயில்லையா?

சமூகப் பணி, உளவியல், குழந்தைப் பராமரிப்பு, நர்சிங் படித்தவர்கள் வருகிறார்கள். சில இடங்களில் பட்டம் கேட்பார்கள், சில இடங்களில் அனுபவமும் சான்றிதழ்ப் பயிற்சியும் போதும். குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிற வேலை என்பதால் குற்றப் பின்னணிச் சோதனை பொதுவாக இருக்கும்.

பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். "என் பிள்ளைக்கு நான் இப்படித்தான் செய்தேன்" என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, "உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், அதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இதுவரை இந்தப் பதிலைக் கேட்டு யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

முதல் நாள் போய் என்னதான் பேசறது?

நீங்கள் யார், யார் அனுப்பினார்கள், எதற்காக, எத்தனை நாள் வருவீர்கள். இந்த நான்கையும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். அப்புறம் ரகசியம் பற்றிப் பேசுங்கள். "நீங்கள் சொல்வதை ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழந்தைக்கோ உங்களுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." நான் சொல்வது கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான். புதியவர்கள் பலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், முதல் நாளே பயமுறுத்துவதாகிவிடும் என்று. தயங்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு பெரிய விஷயம் வெளியே வந்தபிறகு இதைச் சொன்னால்தான் துரோகம் செய்த மாதிரி ஆகும். கீழே வருகிற கஷ்டமான கேள்விகளில் பாதிக்கு இந்த முதல் நாள் பேச்சே வழி விடும்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, "நேற்று ஒரு நாள் எப்படிப் போனது, காலையிலிருந்து சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். பிரச்சினை என்ன என்று கேட்டால் அனுப்பிய காகிதத்தில் இருப்பதையே திருப்பிச் சொல்வார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் யார் முதலில் எழுந்தார், யார் சாப்பிடவில்லை, எந்த நேரத்தில் சத்தம் வந்தது எல்லாம் தானாக வரும்.

கதவையே திறக்க மாட்டேங்கிறாங்க. உள்ள இருக்காங்கன்னு நல்லாத் தெரியுது.

இதற்கு முன்னால் எத்தனை பேர் வந்து, எத்தனை கேள்வி கேட்டு, பாதியில் காணாமல் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கதவடியில் தள்ளிவிட்டு வாருங்கள்: "வந்தேன். வியாழக்கிழமை 11 மணிக்கு மறுபடி வருகிறேன்." யாராவது எடுத்துப் படித்தாலும் சங்கடம் வராத மாதிரி, அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். வியாழக்கிழமை 11 மணிக்கு அங்கே நில்லுங்கள்.

சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதைவிடப் பெரிய திறமை இந்த வேலையில் இல்லை என்றே நினைக்கிறேன். சேர்ந்த புதிதில், செவ்வாய்க்கிழமை 4 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டேன். போன்கூடப் பண்ணவில்லை. அந்த வீட்டு 7 வயதுப் பையன் இருட்டும்வரை ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தானாம். மறுபடி அவன் என்னோடு வாய் திறந்து பேச இரண்டு மாதம் ஆனது. தாமதமாகும் என்றால் 4 மணிக்கு முன்பே போன் பண்ணுங்கள்.

சரி, பல தடவை போயும் கதவு திறக்கவில்லை, உள்ளே குழந்தையும் இருக்கிறது என்றால், அதைப் பொறுமையாகக் காத்திருக்கும் விஷயமாக நீங்களே முடிவு செய்யக்கூடாது. அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு தூரம் நாமே செஞ்சு கொடுக்கலாம்? செஞ்சு கொடுத்தா நம்மையே நம்பி இருந்திடுவாங்களே?

ஒரு வீட்டில் அந்த அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே பிரிக்காத கடிதங்கள், 8 மாதத்துக்கானவை. மின்கட்டணம், பள்ளி, வாடகை, கிளினிக். உறையைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றார். அன்றைக்கு உறைகளை நான் கிழித்தேன். அவர் தரையில் மூன்று குவியலாகப் பிரித்தார்: இன்றே பார்க்க வேண்டியது, இந்த வாரம் பார்க்க வேண்டியது, தூக்கிப் போடலாம். பாதிக்கு மேல் மூன்றாவது குவியலுக்குத்தான் போனது.

அடுத்த வாரம் அவர் கிழித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாடகை பற்றி முதல் போனை நான் பேசினேன், அவர் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு. இரண்டாவது போனுக்கு என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு அவரே பேசினார். நடுவில் குரல் உடைந்தது. தாளைப் பார்த்து மூன்றாவது வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். ஆறாவது வாரம் போனபோது அந்தப் பை காலியாகக் கதவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாளே "நீங்களே பிரியுங்கள், அப்போதுதான் பழகும்" என்று சொல்லியிருந்தால் பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். ஆறாவது வாரமும் நானே கிழித்துக்கொண்டிருந்தாலும் தப்புதான். ஒவ்வொரு தடவை போகும்போதும் போன வாரத்தைவிட உங்கள் கை கொஞ்சமாவது விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளை வளர்க்கிறது எப்படின்னு நான் பாடம் எடுக்கணுமா? கேட்கவே மாட்டாங்களே.

பாடமாக எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சில தகவல்கள் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் ஒரு ராத்திரியையே காப்பாற்றும். பச்சைக் குழந்தையின் அழுகை பிறந்த சில வாரங்களில் கூடிக்கொண்டே போய், ஆறு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் உச்சத்துக்கு வரும். அப்புறம் மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும். இது தெரியாத பெற்றோர், தாங்கள் ஏதோ தப்பு செய்வதால்தான் அழுகை கூடுகிறது என்று நினைக்கிறார்கள். அந்த இயலாமையில்தான் சிலர் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகிறார்கள். உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகலாம். தாங்க முடியாதபோது குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வேறு அறைக்குப் போகலாம், அது குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் ஓர் அப்பா அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, "நான் நல்ல அம்மாவாக இல்லை" என்கிறவர்களுக்கு. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் தாயும் கைக்குழந்தையும் விளையாடுவதை நொடி நொடியாகப் படம்பிடித்து ஆராய்ந்தார். நன்றாக இருக்கிற ஜோடிகளில்கூட இருவரும் ஒத்துப்போகும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச நேரம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதுமாகவே போகிறது. அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. கத்திவிட்டோமே என்று வருந்தும் அம்மாவிடம், கத்திய பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

அப்பாகிட்ட எப்படிப் பேசறது? நான் வந்தாலே வெளியே போயிடறார்.

அவர் இருக்கிற நேரமாகப் பார்த்து நேரம் குறியுங்கள். பகல் வேலைக்குப் போகிறவரைப் பகல் 11 மணிக்குத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? கேள்வியை அம்மாவிடமே கேட்டுக்கொண்டு அவரை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். "சின்னவன் உங்களைப் பார்த்தால் என்ன செய்வான்?" என்று நேராக அவரிடம் கேளுங்கள். கோப்பில் அவர் பெயரே இல்லாத குடும்பங்களும் உண்டு, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆனால் அம்மா அவரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று தோன்றினால் இந்தப் பதிலை விட்டுவிட்டு, அடி வாங்குகிற அம்மாவைப் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

வீடு சுத்தமா இல்லைன்னா அதைக் குறிப்புல எழுதணுமா?

"வீடு அழுக்காக இருந்தது" என்பது உங்கள் அபிப்பிராயம். "சமையலறைத் தரையில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்தன, 10 மாதக் குழந்தை அதே தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது, சொன்னதும் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு துண்டுகளைக் கூட்டி எடுத்தார்" என்பது குறிப்பு. பின்னதில் ஆபத்தும் தெரிகிறது, அம்மா என்ன செய்தார் என்பதும் தெரிகிறது. துவைக்காத துணி மலையாகக் கிடந்தால் அதனால் குழந்தைக்கு என்ன பாதிப்பு என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பு இல்லையென்றால் எழுத எதுவும் இல்லை.

பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் போட்டு எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள். அந்தக் குழந்தை பெரியவனாகி ஒரு நாள் தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தன்னைத் தூக்கிக்கொண்டு தரையைக் கூட்டிய அம்மா அதில் இருக்க வேண்டும்.

ஒரு பிள்ளை 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு சொல்லிட்டு ஒரு விஷயம் சொல்ல வந்தா?

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பத்திரமாக வைக்க உதவுகிறவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டி வரலாம்" என்று சொல்லுங்கள். முதல் நாள் பெரியவர்களிடம் சொன்ன அதே எல்லைதான், பிள்ளைக்குப் புரிகிற மொழியில். இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஏதோ இருக்கிறது என்பதை அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

சொல்லத் தொடங்கினால் கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கலாம். "மாமா அடிச்சாரா?" என்று பெயரை நீங்கள் எடுத்துக் கொடுத்தால், பின்னால் விசாரணையில் அது பிள்ளையின் வார்த்தையா உங்கள் வார்த்தையா என்ற சந்தேகம் வரும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். "சொன்னது நல்லது, இது உன் தப்பில்லை" என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும் பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, நேரம் குறித்து, உடனே தகவல் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய்க் கேட்காதீர்கள். முதல் நாள் பெற்றோரிடம் "சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொன்னது, அவர்களிடம் சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்கிற இடத்தில் பொருந்தாது.

அடி வாங்குற அம்மாகிட்ட 'கிளம்பி வந்துடுங்க'ன்னு சொல்லலாமா?

மனசு அப்படித்தான் சொல்லும். ஆனால் பிரிந்து போக முயலும் நேரமும் பிரிந்த பிறகான முதல் மாதங்களும்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தானவை. அவர் இதுவரை கிளம்பாமல் இருப்பதற்குத் தைரியம் இல்லாதது காரணமாக இருக்காது. கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை உங்களைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அவரிடம் கேளுங்கள், அவர் கணக்கை மதியுங்கள். குடும்ப வன்முறைக்கென்று இருக்கிற சேவையோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் போடுங்கள்: எந்த நேரம், எந்த வழி, எந்தக் காகிதங்கள், பிள்ளைகள் யாரைக் கூப்பிடுவார்கள்.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து இதைப் பேசாதீர்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு வராதீர்கள், போனில் எழுத்தாக அனுப்பாதீர்கள். அடிக்கிறவர் கண்ணில் படும். கழுத்தை நெரித்தார் என்று சொன்னால், அடையாளம் தெரியாவிட்டாலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கொலை வரை போகக்கூடியது என்பதற்கான தீவிரமான எச்சரிக்கை அது. மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

இதைத் தொடாமல் மற்றதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு 2 வயதாகும்வரை நர்ஸ்கள் வீட்டுக்குப் போனார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் குறைவாக இருந்தன. வன்முறை அடிக்கடி நடந்த வீடுகளில் மட்டும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நாம தனியாப் போறோமே, நமக்குப் பாதுகாப்பு?

எங்கே போகிறீர்கள், எப்போது முடியும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்ததும் போன் பண்ணுங்கள், பண்ணாவிட்டால் அவர் கூப்பிட வேண்டும். வாசலுக்குப் போகும் வழி மறையாத இடத்தில் உட்காருங்கள். வயிற்றில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் எழுந்து வந்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் யோசிக்கலாம்.

'செத்துப் போயிடலாம் போல இருக்கு'ன்னு சொன்னா, கேட்காத மாதிரி பேச்சை மாத்திடலாமா?

மாற்றக் கூடாது. "தற்கொலை பற்றி யோசிக்கிறீர்களா?" என்று அந்த வார்த்தையாலேயே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதும் அவர்கள் தோள் தளர்ந்து மூச்சு விடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். அங்கிருந்தே மேற்பார்வையாளரையும் மருத்துவ உதவியையும் கூப்பிடுங்கள். பிரசவமான முதல் வருடத்தில் இருக்கிற அம்மாக்களிடம் அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே மனநிலை பற்றிக் கேளுங்கள்.

பணம் கடன் கேக்கறாங்க, பரிசு தர்றாங்க, ராத்திரி வாட்ஸ்அப்ல மெசேஜ் போடறாங்க...

கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். அவசர உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்து அங்கே கூட்டிப்போங்கள். பிள்ளை வரைந்து தந்த படத்தை வாங்கிக்கொள்ளலாம், விலையுள்ளதை வேண்டாம். அலுவலக எண்ணை மட்டும் கொடுங்கள், எத்தனை மணிவரை எடுப்பீர்கள் என்பதையும் அதற்கு மேல் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

நான் எழுதின குறிப்பை வச்சுப் பிள்ளையைப் பிரிச்சுட்டாங்க. அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?

எனக்கும் நடந்திருக்கிறது. பல ராத்திரி தூங்கவில்லை. அந்த முடிவு உங்கள் ஒருவர் குறிப்பால் எடுக்கப்படுவதில்லை, எடுக்கப்படவும் கூடாது. முன்னே சொன்ன உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகப் பிரிப்பதென்றால் அது பிள்ளையின் நலனுக்கு அவசியமாக இருக்க வேண்டும், நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் குறிப்பு பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதா என்பதற்கு மட்டும் நீங்கள் பொறுப்பு.

அலுவலகம் அனுமதித்தால் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். நான் போனேன். அவர் திட்டினார், நியாயம் பேசாமல் கேட்டுக்கொண்டேன். எழுதியதை மறுக்கவில்லை. "நான் எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதை உங்களிடம் முன்பே சொன்னேன்" என்றேன். அடுத்த வாரம் பிள்ளையைப் பார்க்கப் போகும் நாளுக்கு என்ன எடுத்துப் போவது என்று அவரே கேட்டார். தூங்கும்போது அவன் கட்டிக்கொள்ளும் பழைய போர்வையைத் துவைக்காமல் எடுத்துப் போகலாம் என்று முடிவு செய்தோம், வீட்டு வாசனை போகாமல் இருக்கும் என்று.

தூக்கம் கெடுவது, வேறு வீட்டுக் குழந்தையின் முகம் கண்முன் வருவது, எதைக் கேட்டாலும் மரத்துப்போவது, இவற்றுக்கு இரண்டாம்நிலை மன அதிர்ச்சி என்று பெயர். உதவுகிறவர்களுக்கு வரும் என்பது அறியப்பட்ட விஷயம். மேற்பார்வைக் கூட்டத்தில் கோப்புகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்களைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேளுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

கேஸை எப்ப முடிக்கிறது? முடிஞ்சப்புறம் அவங்க போன் பண்ணினா எடுக்கலாமா?

தொடங்கும் நாளிலேயே முடியும் நாளைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். கடைசி ஒன்றிரண்டு மாதம் வருகையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஒரு போன். பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்லத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காலண்டரில் கடைசி நாளை அவர்களையே வட்டம் போடச் சொல்வேன்.

முடிந்த பிறகு போன் வந்தால் எடுங்கள், ஒருமுறை. நலம் கேளுங்கள். புதிய சிக்கல் என்றால் மறுபடி எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லி, பேசியதைக் குறித்து வைத்து மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கடிதப் பை வைத்திருந்த அந்த அம்மா ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டார். புது வாடகை ஒப்பந்தம் வந்திருக்கிறதாம், ஒரு வரி புரியவில்லையாம். படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவர், "இருங்க, புரிஞ்சிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.